ஈரக் கல் பொய் சொல்லும்

போன வாரம் காலை நிகழ்ச்சியில் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், கல் பாலிஷ் செய்வது பற்றிப் பேசிவிட்டேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் நான்கு அழைப்புகள். "எந்த ராசிக்கு, எந்தக் கல்லுங்க?" என்றார் ஒருவர். "எந்த விரல்ல போடணும்?" என்றார் இன்னொருவர். சிரம்பானிலிருந்து பேசிய அம்மா, மகனுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது என்று ஆரம்பித்துவிட்டார். பதினொரு ஆண்டுகளாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எதையும் சொல்லியே புரியவைத்துவிடலாம் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. வானொலியில் கல்லைக் காட்ட முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் இந்த வாரம் எழுத்தில்.

முதலில் ஒன்று. இது ராசிக்கல் இல்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் காலில் இடறுகிற வெள்ளைக் கல். அதை அறுத்து, தேய்த்து, அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் குவிந்தும் பளபளக்கும்படி செய்தால் அதற்குக் கபோஷான் என்று பெயர். தலை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வைரத்தைப் போல பட்டை பட்டையாக முகங்கள் வெட்டுவதில்லை. மோதிரத்தில் பவளம் இருக்குமே, பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளின் நெற்றிச்சுட்டியில் சிவப்பாகக் கெம்பு இருக்குமே, அந்த வடிவம்.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தவர் என் அம்மாவின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் 38 ஆண்டுகள் ஃபிட்டர். இலையை உருட்டும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம் எல்லாம் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். 2015 வாக்கில் இந்தோனேசியாவில் 'பத்து அக்கிக்' பித்து தலைக்கேறியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆண்கள் விரலுக்கு ஒரு மோதிரம் போட்டுக்கொண்டு திரிந்த காலம். மாமாவுடன் வேலை செய்த இந்தோனேசியத் தோழர் ஒருவர், மலுக்கு தீவுகளில் கிடைக்கும் பச்சை நிறப் பாச்சான் கல் மோதிரத்தைக் காட்டி, தன் சம்பளத்தில் பாதி இதற்குப் போய்விட்டது என்றாராம். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத நானே செய்வேன்லா" என்றிருக்கிறார். பந்தயம் கட்டவில்லை. ஆனால் செய்துவிட்டார்.

ஓடாத துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து மோட்டாரைக் கழற்றினார். ஹார்ட்வேர் கடையில் டைல்ஸ் அறுக்கும் சின்ன ரம்பம் வாங்கினார். மோட்டாரைத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் பலகை போட்டு வைத்தார். கல்? அதுதான் காலடியில் கிடக்கிறதே.

கேமரன் மலை முழுக்கக் கருங்கல் மலைத்தொடரின் ஒரு பகுதி. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்கடியில் மெதுவாக ஆறிய பாறை. அதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன: குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா. மழையும் வெப்பமும் சேர்ந்து ஃபெல்ஸ்பாரை அரித்துக் களிமண்ணாக்கிவிடும். குவார்ட்ஸ் மட்டும் மசியாது. தேயிலைச் செடி வேர்விட்டிருக்கும் அந்த மஞ்சள் மண் ஒரு காலத்துப் பாறை. அதில் கிடக்கும் வெள்ளைக் கல், கரையாமல் மிஞ்சிய பங்கு. பெரும்பாலும் பால் போல மங்கலாக இருக்கும். சிலது புகை படிந்த கண்ணாடி நிறத்தில் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே கறுப்பு ஊசிகள் குத்தினாற்போல் டூர்மலின் ஓடும். சந்தையில் இதற்கு விலை கிடையாது. ஒரு பை நிறையக் கொடுத்தாலும் நகைக்கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

எடுப்பதற்கு மாமா தோட்டத்து மேலாளரிடம் கேட்டுக்கொண்டார். பாதையிலும் வடிகாலிலும் கிடப்பதை மட்டும் எடுக்கலாம், சரிவைத் தோண்டக் கூடாது என்பது ஏற்பாடு. சரியான ஏற்பாடுதான். மலையைக் கிளறினால் மண் எங்கே போகும் என்பதை ரிங்லெட் ஏரியைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இனி செய்முறை. கல்லை 5, 6 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பலகையாக அறுக்க வேண்டும். அதன்மேல் 30-க்கு 22 மில்லிமீட்டர் நீள்வட்டம் வரைய வேண்டும். பென்சில் தண்ணீரில் அழிந்துவிடும். அலுமினியக் கம்பியின் முனையால் கோடு இழுத்தால் நிற்கும். ஓரங்களை நறுக்கியபின் கல்லைக் குச்சியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நம் ஆசாரிகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அதே அரக்குதான் இதற்கும். குச்சிக்கு மாமா கண்டுபிடித்தது மீ கடையில் கொடுக்கும் சாப்ஸ்டிக்கின் தடித்த முனை. பிறகு 80-ஆம் எண் சக்கரத்தில் வடிவம், 220-இல் மட்டம், 600, 1,200, 3,000 என்று மேலும் மேலும் நைசான தாள்கள். கடைசியில் தோல் துண்டின் மேல் சீரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். அடி விளிம்பைச் சற்றே சாய்த்துத் தேய்க்க மறக்கக் கூடாது. கூராக விட்டால் தெறித்துவிடும். எனக்கு ஒரு கல்லுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. மாமாவுக்கு ஒன்றரை.

என் முதல் கல்லை 3,000 வரை தேய்த்துவிட்டுப் பெருமையாக நீட்டினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அது கண்ணாடி போல மின்னியது. மாமா கையில் வாங்கவே இல்லை. "ஈரக் கல்லு பொய் சொல்லும் ஆயி. காய வச்சுக் கொண்டா" என்றார். துடைத்துக் காயவைத்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். 220-ஆம் தாளில் விழுந்தவை. 600-இல் போகும்வரை தேய்த்திருக்க வேண்டும், அவசரப்பட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டேன். பிறகு எத்தனை நைசான தாள் போட்டாலும் அந்தக் கீறல் அப்படியேதான் பளபளக்கும். காரணம் எளிது. காற்றைவிடத் தண்ணீர் ஒளியை வளைப்பதில் கல்லுக்கு நெருக்கமானது. கீறலுக்குள் அது நிரம்பிக்கொண்டால் ஒளி சிதறாது, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் இடையே கல்லை முழுக்கக் காயவைத்துப் பார்க்க வேண்டும். கேமரன் மலையில் எதுதான் சீக்கிரம் காய்கிறது? அத்தையின் ஹேர் ட்ரையர் பாதி நாள் கொல்லைப்புறத்தில்தான் இருக்கும். அத்தை அதற்காக மாமாவிடம் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு.

இங்கே விளையாட்டில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கவனித்துப் படியுங்கள். குவார்ட்ஸை உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசி சிலிக்கா. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. குஜராத்தின் கம்பாத் ஊரில் தலைமுறை தலைமுறையாக அகேட் கல் தேய்க்கும் தொழிலாளர்களும், பக்கத்தில் குடியிருப்பவர்களும்கூட, சிலிக்கோசிஸ் நோயால் இறந்திருக்கிறார்கள். அது மருந்தால் ஆறுகிற நோய் இல்லை. மாமா ஆரம்பத்தில் சில மாதங்கள் தண்ணீர் இல்லாமல், முகக்கவசம் இல்லாமல், அடுப்படிக்குப் பக்கத்திலேயே தேய்த்திருக்கிறார். பின்னால் இருமல் விடாமல் பிடித்துக்கொண்டபோது கிளினிக்கில் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார்கள். படம் வரும்வரை அத்தை சாப்பிடவில்லை. சுத்தமாக வந்தது. அன்றிலிருந்து கொல்லைப்புறம், எப்போதும் சொட்டுகிற தண்ணீர், என்95 முகக்கவசம், வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பு. உலர்ந்த தூசியைக் கூட்டுமாற்றால் பெருக்கக் கூடாது. யாராவது காணொளி பார்த்துவிட்டு அறைக்குள் கிரைண்டரைத் தூக்கினால் தயவு செய்து தடுத்துவிடுங்கள்.

மாமா செய்தது நமக்குப் புதிதும் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. வீடுகளுக்கு நடுவே கல்மணிப் பட்டறைகள். குவார்ட்ஸ், கார்னீலியன், அகேட், பெரில், நீலக்கல் எல்லாம் கிடைத்தன. அழகாக முடித்த மணிகளோடு கூடவே வெட்டிப்போட்ட சில்லுகள், பாதி தேய்த்தவை, துளை போடும்போது உடைந்தவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரின் கை தவறியதும் அங்கே அப்படியே கிடக்கிறது. இன்றும் காங்கேயம் பக்கம் கல் தோண்டித் தீட்டுகிறார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்திலும் ஒன்று உண்டு. தாய்லாந்தின் கிராபி வட்டாரத்தில் குளோங் தோம் என்ற இடத்தில் கிடைத்த உரைகல். தங்கத்தை உரசிப் பார்க்கும் சின்னக் கறுப்புக் கல். அதில் தமிழில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு எழுத்து. பெரும்பத்தன் என்ற பொற்கொல்லர் தன் கருவியில் பெயர் எழுதி வைத்திருக்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ரப்பரில் எழுதுவதைப் போல. தேயிலைக்காகவும் ரப்பருக்காகவும் நம்மைக் கப்பலேற்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இந்தத் தீபகற்பத்தில் தமிழர் ஒருவர் கல்லும் கையுமாக இருந்திருக்கிறார். கோலாலம்பூரிலிருந்து கார் ஓட்டிப் போகிற தூரம்தான்.

மாமாவும் எழுதி வைக்கிற ஆள். முடித்த ஒவ்வொரு கல்லின் அடியிலும் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி, பேனாவால் இடம் எழுதியிருப்பார். 'பம்ப் வீட்டுக்குக் கீழ்.' 'பழைய லயத்துப் பின்னால்.' 'கோயில் படி.' 'எடை போடுற இடம்.' பிஸ்கட் டின்னில் மொத்தம் 64 கற்கள். எதையும் விற்றதில்லை, யாருக்கும் மோதிரம் கட்டியதில்லை. கேட்டால், "இது தோட்டம்" என்பார். டின்னைச் சொல்கிறாரா, கல்லையா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

போன ஆண்டு நவம்பரில் அவருக்கு 60 முடிந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டத்து வீடு தோட்டத்துக்கே. ஜனவரிக் கடைசிவரை தவணை கொடுத்தார்கள். ஈப்போவில் மகளின் அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. அங்கே மோட்டார் ஓட்ட முடியாது, தண்ணீர் வடிய இடம் கிடையாது. பிறந்ததும் அந்த லயத்தில், பாட்டியும் தாத்தாவும் கொழுந்தெடுத்ததும் அதே மலையில். மாமா ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, பக்கத்து வீட்டு நேப்பாளப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். டின்னை மட்டும் என் பக்கம் தள்ளினார். "நீதான் படம் எடுப்பியே. எல்லாத்தையும் எடுத்து வச்சிடு."

கபோஷானைப் படம் எடுப்பது, செய்வதைவிடத் தலைவலி. குவிந்த கண்ணாடி மாதிரி அது சுற்றியிருப்பது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். என் முதல் படத்தில் கல்லுக்கு நடுவில் சன்னல், சன்னலுக்குப் பக்கத்தில் கைப்பேசி, அதற்கு மேல் என் மூக்கு. கற்றுக்கொண்டவற்றில் உதவக்கூடியவை சில. பேக்கிங் தாளைச் சுற்றிலும் கூண்டு போல நிறுத்தினால் ஒளி பரவி விழும். ஒரு பக்கம் மட்டும் கறுப்பு அட்டை வைத்தால் கல்லின் குவிவு கோடாகத் தெரியும், இல்லாவிட்டால் தட்டையான மிட்டாய் போல இருக்கும். புகை நிறக் கல்லுக்கு அடியிலிருந்து வெளிச்சம் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் கவ்வும் மேக்ரோ லென்ஸ் நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது, போதும். விரல் பட்டு அசையாமல் இருக்க 2 விநாடி டைமர் வையுங்கள். பின்னணிக்குத் தேயிலைத் தூளைப் பரப்பிப் பார்த்தேன், டீ விளம்பரம் போலிருந்தது. நாள்காட்டித் தாளின் சாம்பல் நிறப் பின்பக்கம் நன்றாக வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி மலை இலவசமாகக் கொடுப்பது. மதியம் நான்கு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் வானமே ஒரு வெள்ளைத் துணியாகிவிடும். நிழல் இல்லை, சூரியப் புள்ளி இல்லை. ஸ்டூடியோவில் காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கிற ஒளி. செப்டம்பரில் போனபோது அந்த ஒளியில் 12 கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். டிசம்பரில் மீதி 52. இரண்டு நாள்தான் விடுமுறை.

மேக்ரோ படத்தில் ஒரு தூசி, ஒரு விரல் ரேகை இருந்தாலும் பாறாங்கல் அளவுக்குத் தெரியும். எந்தப் பாடத்திலும் முதல் வரி, கல்லைச் சுத்தம் செய் என்பதுதான். காலையில் மாமா மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். நான் வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கரைத்து, டின்னை அப்படியே பேசினில் கவிழ்த்தேன். அத்தையோடு பேசிக்கொண்டே தோசை சாப்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது நுரைமேல் சின்னச் சின்ன மஞ்சள் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. முதலில் என்னவென்றே புரியவில்லை. ஒன்றை எடுத்தேன். மை கரைந்து நீலத் தீற்றலாக இருந்தது. ஒன்றிரண்டில் எழுத்துகூடத் தெரிந்தது: 'பின்னால்.' எதற்குப் பின்னால், எந்தக் கல்? 52 கற்களும் அடியில் பளபளவென்று சுத்தமாக இருந்தன.

மாமா வந்தார். பேசினைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், அதையும் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, துண்டை விரித்து, "அந்த ட்ரையர எடு" என்றார்.

ஒவ்வொன்றாகக் காயவைத்து, சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பார்த்தது பளபளப்பை இல்லை, குறையை. "ஓரத்துல வெள்ள நரம்பு ஓடுது பாரு, இது பம்ப் வீடு. அங்க எல்லாமே இப்படித்தான்." "இதுல துரு புடிச்ச மாதிரி ஒரு பொட்டு. பெரிய வடிகாலு." "இது அவசரத்துல தேய்ச்சது, கீறல் நிக்குது. உன் அத்தை ஆஸ்பத்திரியில இருந்த வாரம்." கறுப்பு ஊசி ஓடும் புகைக்கல் ஒன்றை எடுத்ததும் சற்று நேரம் பேசவில்லை. "இது அம்மா விழுந்த திருப்பம்." பாட்டி கூடையோடு சறுக்கி விழுந்து கை முறிந்ததும், மறுநாள் பேருக்குக் குறைந்துவிடக் கூடாதென்று பத்து வயது மாமா பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்தெடுக்கப் போனதும் எனக்கு அன்றுதான் தெரியும். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தொழில் புத்தி, மூன்றாவது கல்லுக்குள்ளேயே கைப்பேசியில் பதிவு பொத்தானை அழுத்திவிட்டேன். 2 மணி 11 நிமிடம். பின்னணியில் ட்ரையர் சத்தம், தகரக் கூரையில் மழை, நடுநடுவே அத்தை "அது அந்த எடமில்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்று திருத்துவது. ஒலிபரப்புத் தரத்துக்கு அது தேறாது. நான் வெட்டப்போவதும் இல்லை.

43 கற்களுக்கு இடம் சொன்னார். 9 நின்றுவிட்டன. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊகத்துக்குச் சொல்லுங்களேன் என்றேன். மாட்டேன் என்றார். "தெரியாததுக்கு எப்படிப் பேரு எழுதறது?" அந்த ஒன்பதையும் தனியாக ஒரு மைலோ டின்னில் போட்டுக் கொடுத்தார்.

இப்போது என் முறை இதுதான். கல் கைக்கு வந்ததும், அழுக்கோடு, சீட்டோடு, முதலில் ஒரு படம். கழுவுவது பிறகு. சீட்டுக்குப் பதிலாக அடியில் மெல்லிய எண் எழுதி, மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோடு பூசிவிடுகிறேன். அருங்காட்சியகங்களிலும் ஏறத்தாழ இப்படித்தான் செய்கிறார்கள். எண்ணுக்கு உரிய இடத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தாத்தாவின் நாணயமோ பாட்டியின் தாலிக்குண்டோ இருந்து படம் எடுப்பதானாலும் இதே வரிசைதான்.

மாமா ஜனவரி கடைசியில் ஈப்போவுக்கு வந்துவிட்டார். நான்காவது மாடிக் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மோட்டார் இல்லாமல், தாளில் கையாலேயே தேய்க்கிறாராம். ஒரு கல்லுக்கு ஒரு வாரம். மகள் தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றி முணுமுணுக்கிறாள்.

கடந்த செவ்வாய்க்கிழமை, நேரலையில் இருந்தபோது கைப்பேசி மூன்று முறை ஒளிர்ந்தது. செய்தி ஓடும் இடைவெளியில் எடுத்தேன். வணக்கம்கூட இல்லை. "அந்த மைலோ டின்னுல, பால் மாதிரி, ஒரு பக்கம் மட்டும் கலங்கினாப்ல ஒண்ணு இருக்குமே. ராத்திரி நெனப்பு வந்துச்சு. அது கோயிலுக்குப் பின்னால, தண்ணித் தொட்டிகிட்ட."

உறுதியா மாமா என்றேன்.

"படம் அனுப்பு. காய வச்சு, பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சு எடு. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.